மோதல் இல்லை என்றது மெஷின்

எங்கள் ஆபீசில் இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. போட விட்டால்தானே! அதற்குள் சமாதானம் எழுந்து வந்து நடுவில் நின்றுவிடுவார். அது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, நாங்கள் வைத்தது. இப்போதெல்லாம் அசல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் அங்கே போன் எடுக்கிறவள். பிறந்த குழந்தைகளை எடை போடும் தராசு செய்கிற கம்பெனி எங்களுடையது. ஒரு தட்டு, அதற்கு அடியில் எடையை உணர்கிற சென்சார், முன்பக்கம் எண்ணைக் காட்டும் திரை, இதையெல்லாம் ஓட்டுகிற சாஃப்ட்வேர். ஆஸ்பத்திரியில் தராசு மக்கர் பண்ணினால் நர்ஸ்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், திட்டுவார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை, ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனை வைப்பேன். இந்த மனிதரைப் பற்றிச் சொல்லும்போது நடுநடுவே எனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும். பிடிக்காதவர்கள் மேல் கோபப்பட்டு நான் நேரத்தை வீணாக்குவதில்லை.

அவர் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எங்கள் சாஃப்ட்வேர் ஒரே உருண்டையாக இருக்காது. தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து எழுதுவார்கள், மாட்யூல் என்பார்கள். சென்சார் மாட்யூல் ஒருவர் கையில், டிஸ்ப்ளே மாட்யூல் இன்னொருவர் கையில். புதிதாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் அசல் கோடில், அதாவது ஏற்கெனவே எழுதி ஓடிக்கொண்டிருக்கிற வரிகளில், யாரும் நேரடியாகக் கை வைப்பதில்லை. அதிலிருந்து தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில் என்ன அட்டகாசம் வேண்டுமானாலும் பண்ணுவார்கள். அதுதான் பிராஞ்ச். வேலை முடிந்ததும் அந்த பிராஞ்சைக் கொண்டுவந்து அசலோடு சேர்க்க வேண்டும். அதற்கு மெர்ஜ் என்று பெயர். ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றி வைத்திருந்தால் மெஷின் பாதியில் நின்றுவிடும். இங்கே மோதல் இருக்கிறது, இதுவா அதுவா, சொல் என்று கேட்கும். அப்போது யாராவது ஒருவர் உட்கார்ந்து தீர்த்துவைக்க வேண்டும். அந்த ஒருவர்தான் சமாதானம்.

தீர்த்துவைப்பதில் மன்னன், சும்மா சொல்லக் கூடாது. யாருடைய வரியைத் தள்ளினாரோ அவரிடம் கையில் டீயோடு போய் உட்காருவார். "உங்களோடது அருமை. ஆனா இந்த ஒரு தடவ பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுங்க" என்பார். அடுத்து ஜெயித்தவரிடம் போவார். "அவங்களே சொல்லிட்டாங்க, உங்களோடதுதான் சரின்னு" என்பார். அவர்கள் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவே மாட்டார்கள். பச்சைப் பொய். ஆனால் இரண்டு பேரும் முகம் மலர்ந்து வீட்டுக்குப் போவார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி உயிரோடு இருந்தபோது ஒரு முறை ஆபீசுக்கு வந்து என்னிடம் புலம்பினார். "ஒரு நாளாவது இந்த மனுஷன் எதிர்த்துப் பேசுவார்னு பாக்குறேன். எத சொன்னாலும் சரி, சரிங்கறார். சுவத்துகூட சண்ட போட்டாலும் கை வலியாவது மிஞ்சும்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த அம்மாள் காய்ச்சலில் படுத்து, படுத்த படுக்கையாகவே போய்விட்டார். மகளுக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. தலை பின்னிவிடுவதிலிருந்து பரீட்சைக்கு எழுப்பிவிடுவது வரை எல்லாம் இவர்தான். மகள் அம்மாவை உரித்து வைத்தவள். மனதில் பட்டதை முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவாள். அப்பாவோடு எதற்கெடுத்தாலும் வம்பு. "உப்பு போட்டீங்களா, இல்ல டப்பாவ காட்டுனீங்களா?" என்பதிலிருந்து, யாரைக் கட்டிக்கொள்வது என்பது வரை தினம் ஒரு பஞ்சாயத்து. அவர் அதையெல்லாம் ஆபீசில் வந்து சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்.

ஆபீசில் அவருக்குப் பெரிய தலைவலி இரண்டு பேர். ஒருவர் சென்சார்காரர், இன்னொருவர் டிஸ்ப்ளே மேடம். இரண்டு பேரும் எலியும் பூனையும். எப்போதோ ஒரு மீட்டிங்கில் அந்தம்மா, "இத யாரு எழுதுனது, கண்ண மூடிக்கிட்டா?" என்று கேட்டுவிட்டார். எழுதியவர் சென்சார்காரர். அவரும் சும்மா இருக்கவில்லை. "உங்க திரைய பாக்குறவன்தான் கண்ண மூடிக்கணும்" என்றார். அன்றோடு பேச்சு நின்றது. இத்தனைக்கும் இருவர் நாற்காலிக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம்தான். ஒருவர் தும்மினால் இன்னொருவர் மேஜையில் காகிதம் பறக்கும். ஆனாலும் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் அது சமாதானம் வழியாகத்தான் போகும்.

"அந்தாள்கிட்ட சொல்லிவைங்க, அவரு அனுப்புற எண்ண வெச்சுக்கிட்டு நான் ஒண்ணும் கிழிக்க முடியாதுன்னு" என்பார் மேடம்.

இவர் இரண்டு எட்டு நடந்து போய், "மேடம் உங்களோட எண்ண ரொம்ப நம்பி இருக்காங்க. கொஞ்சம் சீக்கிரம் அனுப்புனா நல்லா இருக்குமாம்" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அண்ணா, நீங்க இன்ஜினியரா, தபால்காரரா? ரெண்டு பேரையும் ஒரு அறையில போட்டுப் பூட்டுங்க. அடிச்சுக்கிட்டாவது பேசட்டும்."

"விடும்மா. ரெண்டும் நல்ல ஜீவன். நேருக்கு நேர் விட்டா ஒண்ணு வேலைய விட்டுட்டுப் போயிடும். நான் பாத்துக்கறேன்."

அந்த 'நான் பாத்துக்கறேன்' இருக்கிறதே, அதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார் என்று கணக்கே இல்லை. பேச்சுவார்த்தை இல்லாததால் அந்த இருவரும் தங்கள் தங்கள் பிராஞ்சிலேயே மாதக்கணக்கில் குடியிருப்பார்கள். அடிக்கடி கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் யார் என்ன செய்தார்கள் என்றே தெரியாது என்று மேனேஜர் தொண்டை கிழியக் கத்துவார். சமாதானம் அவரையும் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்.

அந்த வருஷம் மகளுக்குக் குழந்தை உண்டானது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, அதனால் மகள் அப்பா வீட்டிலேயே இருந்தாள். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மசக்கைக்கு என்ன செய்யலாம், கால் வீங்கினால் என்ன செய்யலாம் என்று என் மேஜைக்கு வந்து வந்து கேட்பார். "மாசமா இருக்கறது நீங்களா, அவளா?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு போனார், போய்விட்டு அடுத்த சந்தேகத்தோடு திரும்பி வந்தார்.

அதே சமயத்தில்தான் துணி விவகாரம் வந்தது. பச்சைக் குழந்தையைச் சில்லென்று இருக்கிற தட்டில் அப்படியே கிடத்த முடியாது, துணியில் சுற்றித்தான் வைப்பார்கள். அப்புறம் துணியின் எடையை நர்ஸே மனதுக்குள் கழித்துக்கொள்ள வேண்டும். தூக்கக் கலக்கத்தில் தப்பாகிவிடுகிறது, துணியை முதலில் தனியாக வைத்துக் காட்டிவிட்டால் மெஷினே கழித்துக்கொள்ளக் கூடாதா என்று பல ஆஸ்பத்திரிகளிலிருந்து கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான்தான் அதைச் சமாதானத்திடம் சொன்னேன்.

சென்சார்காரர் வந்தார். "துணி எடைய நான் சென்சார் பக்கமே கழிச்சு அனுப்பிடறேன்" என்றார். "செய்யுங்க" என்றார் இவர். அடுத்த நாள் டிஸ்ப்ளே மேடம் வந்தார். "இத திரையில காட்டறப்ப நான் கழிச்சுடறேன்" என்றார். அவரிடமும் "செய்யுங்க மேடம்" என்றார்.

என் காதில் இரண்டும் விழுந்தன. "என்ன அண்ணா, ரெண்டு பேருக்கும் சரின்னு தலையாட்டுனா?"

"ஒருத்தர்கிட்ட வேணாம்னு சொன்னா மனசு விட்டுப்போகும்மா. ரெண்டு பேரும் செய்யட்டும். மெர்ஜ் பண்றப்ப எப்படியும் முட்டும், மெஷின் காட்டிக் குடுத்துடும். அப்ப நல்லதா ஒண்ண வெச்சுக்கிட்டு இன்னொண்ண எடுத்துடுவேன். எல்லாம் நான் பாத்துக்கறேன்."

இத்தனை வருஷமாக அவர் அப்படித்தான் பிழைப்பை ஓட்டினார். மோதல் வரும்போது மெஷின் சொல்லும், சொன்னால் போதும், மற்றதை டீயும் இனிப்பான பேச்சும் பார்த்துக்கொள்ளும்.

பிராஞ்சுகளைச் சேர்க்க வேண்டிய வாரம் வந்தது. அந்த வாரம் பார்த்து மகளுக்கு நாள் நெருங்காமலே வலி வந்துவிட்டது. ஒரு மாதத்துக்கும் மேல் முன்னதாகவே பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் அதற்குள் அடங்கிவிடும், அவ்வளவு சின்ன உருவம். ஆனால் மூச்சு ஒழுங்காக இருந்தது, பால் குடித்தது. எடை ஏற வேண்டும், அது ஒன்றுதான் கவலை என்றார் டாக்டர். சமாதானம் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்குமாகப் பறந்தார். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது, அது கூடத் தெரியவில்லை.

அந்த ஓட்டத்தில்தான் மெர்ஜ் பண்ணினார். சென்சார் பிராஞ்சைச் சேர்த்தார். டிஸ்ப்ளே பிராஞ்சைச் சேர்த்தார். மோதல் எதுவும் இல்லை என்று மெஷின் சொல்லிவிட்டது.

பிற்பாடு என்னிடம் சொன்னார். "ஒரு நிமிஷம் தோணிச்சும்மா, என்னடா இது, முட்ட வேண்டியது முட்டலையேன்னு. அப்புறம் ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் விட்டுக் குடுத்துட்டாங்க போல, அதுங்க ரெண்டும் சமாதானமாயிடிச்சு போலன்னு சந்தோஷப்பட்டுட்டேன்." அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பேத்தி பிறந்ததற்கு என்று நாங்கள் நினைத்தோம். அவர் மனதில் இதுவும் சேர்ந்திருக்கிறது.

யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே வரியை இரண்டு பேர் தொட்டிருந்தால்தான் மெஷின் கத்தும். இவர்கள் எழுதியது வேறு வேறு மாட்யூலில். அது தன் குருட்டுக் கண்ணால் பார்த்து, இவர் வீடு இது, அவர் வீடு அது, ஒருவர் வேலியை ஒருவர் தாண்டவில்லை என்று சொல்லிவிட்டது. இரண்டு பேரும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்? சென்சார் மாட்யூல் துணியைக் கழித்துவிட்டு மிச்சத்தை அனுப்பியது. டிஸ்ப்ளே மாட்யூல் அதை வாங்கி இன்னொரு முறை துணியைக் கழித்துத் திரையில் போட்டது. சோதனை அறையில் எல்லாம் சரியாகவே வந்தது. அங்கே குழந்தையும் கிடையாது, துணியும் கிடையாது. இரும்புக் குண்டை வைத்துத்தான் சோதிப்பார்கள். இரும்புக் குண்டுக்கு எதற்குப் போர்வை?

புதிய சாஃப்ட்வேர் ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. பேத்தி இருந்த ஆஸ்பத்திரியும் அதில் ஒன்று. அங்கே வார்டில் இருந்த தராசைத் தடவிக் காட்டி, "இது எங்க கம்பெனிது" என்று இவர் நர்ஸிடம் பெருமையடித்துக்கொண்டதை மகள் கேலி பண்ணினாளாம்.

அடுத்த நாள் காலையில் குழந்தையின் எடை இறங்கிவிட்டது. அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார், அதே எண்தான். அதற்கு மறுநாள் மழை, குளிராக இருக்கிறதென்று கெட்டித் துணியில் சுற்றியிருக்கிறார்கள். எடை இன்னும் இறங்கியது. தாய்ப்பால் பற்றவில்லை, புட்டிப்பால் ஆரம்பித்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மகள் மாட்டேன் என்று மல்லுக்கு நின்றாள். நர்ஸுக்கும் அவளுக்கும் வாக்குவாதம் முற்றி, நர்ஸ் அப்பாவுக்குப் போன் பண்ணினார்.

மதிய இடைவேளையில் அவர் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். குழந்தையைப் பார்த்துக் கொடுக்க வேண்டுமென்று பழைய துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். வார்டு வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள், ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாமாம். வாசலுக்குப் பக்கத்துக் கட்டில்தான், அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

மகள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அப்பா, நீங்களாவது இவங்களுக்குச் சொல்லுங்க. நல்லா குடிக்கிறாப்பா. முழுங்குற சத்தம் எனக்குக் கேக்குது. குடிச்சு முடிச்சதும் என் பாரம் இறங்குது, எனக்குத் தெரியாதா? அப்புறம் எடை எப்படிக் குறையும்?"

பெற்ற அப்பாவிடம் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும். அம்மா இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அவளே பார்த்திருப்பாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நர்ஸ், "நான் சொல்றத கேக்க மாட்டேங்கறாங்க சார்" என்றார்.

இவர் உடனே தன் வேலையில் இறங்கிவிட்டார். முதலில் நர்ஸிடம், "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க சிஸ்டர். உங்க அனுபவத்த அவ ரொம்ப மதிக்கிறா" என்றார். அப்புறம் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ணு, தராசுக்கு உன் மேல என்ன பகையா? அது எங்க தராசு. நானே சேர்த்து அனுப்புனது, தப்பா காட்டாது. சிஸ்டர் சொல்றத கேளு. புட்டிப்பால்தானே, ரெண்டு நாளைக்குக் குடுத்துப் பாப்போம். எதுக்கு சண்ட?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் குழந்தையை நர்ஸிடம் நீட்டிவிட்டாள்.

குழந்தை புட்டிக்குச் சட்டென்று பழகிவிட்டது. எடையும் ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? தாய்ப்பாலில் விட்டிருந்தாலும் ஏறியிருக்கும். இரண்டு தடவை கழித்துவிட்டு மிச்சத்திலிருந்து ஏறியது, அவ்வளவுதான். அது யாருக்குத் தெரியும்? "பாத்தியா கண்ணு, நான் சொன்னேன்ல" என்று இவரே சொல்லியிருக்கிறார். இடையில் மகள் பலமுறை மார்பில் போட்டுப் பார்த்தாளாம். குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டு வீறிட்டு அழுததாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பால் வற்றி, வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் சுத்தமாக நின்றுவிட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. இவர் பேத்தியின் கன்னத்தைப் போனில் படம் எடுத்து வந்து ஆபீசில் ஒருவர் விடாமல் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அந்த போன் வந்தது. வேறொரு ஆஸ்பத்திரி நர்ஸ், என்னோடு வழக்கமாக மல்லுக்கு நிற்கிறவர்.

"என்னம்மா, உங்க தராசுக்குப் பேய் பிடிச்சிருக்கா?"

"நேத்து வரைக்கும் உங்களுக்குத்தான் பிடிச்சிருந்துது. என்ன ஆச்சு சிஸ்டர்?"

"துணி எடைய காட்டிட்டு, அந்தத் துணிய மட்டும் திரும்ப வெச்சேன். சைபர் காட்டணும்ல? சைபருக்குக் கீழ காட்டுது."

"எவ்வளவு கீழ?"

"அந்தத் துணி எடை என்னவோ அவ்வளவு."

நான் கோட் எழுதப் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு தடவை கழித்தால் சைபர், அதற்கும் கீழே போனால் யாரோ இன்னொரு தடவை கழிக்கிறார்கள் என்பது தெரியப் படிப்பா வேண்டும்? போனை வைத்துவிட்டு நேராகப் போய் அந்த இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் நின்றேன்.

"துணி எடைய கழிக்கிறது யாரு?" என்று கத்தினேன்.

"நான்தான்" என்றார் சென்சார்காரர். "நான்தான்" என்றார் டிஸ்ப்ளே மேடம். இரண்டு குரலும் ஒன்றாகவே வந்தன. வந்த வேகத்தில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எத்தனை வருஷத்துக்குப் பிறகோ.

சமாதானம் தன் இடத்திலிருந்து எழுந்தார். எழுந்தவர் நடக்கவில்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எப்பலேருந்து?" என்று கேட்டார். எந்த மெர்ஜிலிருந்து என்று அவருக்கே தெரியும். எங்களில் யாராவது வேறு ஒரு தேதியைச் சொல்லிவிட மாட்டோமா என்று கேட்டிருக்கிறார், பாவம். நாற்காலியில் உட்கார்ந்தார். "அண்ணா, தண்ணி குடிங்க" என்று டம்ளரை நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

சரி பண்ண எவ்வளவு நேரமானது என்று நினைக்கிறீர்கள்? சென்சார்காரரும் மேடமும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். "உங்களோடது இருக்கட்டும், என்னோடத எடுத்துடறேன்" என்றார் மேடம். "சரிங்க" என்றார் அவர். ஒரு வரியை எடுத்தார்கள். முடிந்தது. டீ ஆறுகிற நேரம் கூட ஆகவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேர் தலையையும் சேர்த்து முட்டியிருப்பேன். இந்த இரண்டு வார்த்தையை அன்றைக்கே பேசித் தொலைத்திருக்கக் கூடாதா? பேசியிருப்பார்கள். வேறு வழி இல்லாமல் இருந்திருந்தால் என்றைக்கோ பேசியிருப்பார்கள். வழிதான் இருந்ததே, கையில் டீயோடு.

ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப மேனேஜர் ஒரு வாசகம் எழுதினார். சிற்சில நேரங்களில் சிறு வேறுபாடு தென்படலாம் என்று இருந்தது. நான் அதை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டேன். "எங்க தராசு இவ்வளவு நாளா எடைய குறைச்சுக் காட்டிச்சு. அத வெச்சு எந்தக் குழந்தைக்கு என்ன பண்ணீங்களோ, திரும்பப் பாருங்க" என்றேன். வாங்கிய திட்டுக்கு அன்றைக்கு நான் ஒரு வார்த்தை திருப்பிக் கொடுக்கவில்லை.

சாயங்காலம் சமாதானம் என் மேஜைக்கு வந்தார். "பொண்ணுகிட்ட எப்படிம்மா சொல்றது? சாஃப்ட்வேர்ல ஒரு சின்னக் கோளாறு, அதனால எடை கொஞ்சம் முன்னப்பின்ன காட்டியிருக்கலாம், டாக்டரும் நல்லதுக்குத்தான்னு..."

"அண்ணா!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "அவகிட்டயும் பூசி மெழுகாதீங்க. இருக்கறத இருக்கற மாதிரி சொல்லுங்க. திட்டுனா வாங்கிக்குங்க. அவ உங்க பொண்ணு, உங்களத் திட்டாம யாரத் திட்டுவா?"

தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் மதியம் சாப்பாட்டு அறையில் எதிரில் வந்து உட்கார்ந்தார். டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

மகள் சமையலறையில் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாளாம். இவர் வாசற்படியில் நின்றபடியே சொல்லிவிட்டாராம். "நீ சொன்னதுதான் சரி கண்ணு. குழந்த நல்லாத்தான் குடிச்சுக்கிட்டிருந்தா. தராசுதான் தப்பா காட்டிச்சு. அந்தத் தப்பு என் கை வழியாத்தான் வெளிய போச்சு."

அவள் குழாயை மூடினாளாம். அப்புறம், "அப்ப எனக்குப் பால் இருந்துதா?" என்று கேட்டாளாம்.

"இருந்துதும்மா."

"போதுமான அளவுக்கு?"

"ஆமாம்மா."

"நான் என் உடம்புலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்ப்பா. பெத்த குழந்தைக்கு வயிறு நெறய பால் குடுக்க வக்கில்லன்னு தினமும் நெனச்சேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"என்ன நாலு வார்த்த நல்லா திட்டிடு கண்ணுன்னு கேட்டேம்மா. திட்டல. தராசு தப்பாகும்ப்பா, மெஷின்தானே, அதுக்கு உங்களத் திட்டி என்னன்னு கேட்டா. அப்புறம் சொன்னா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீங்க வந்ததும் அப்பாடான்னு இருந்துது, என்ன நடக்குதுன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன், நீங்க கேக்க வரல, என்ன அமைதிப்படுத்த வந்தீங்கன்னு. அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு புட்டிய கழுவ ஆரம்பிச்சுட்டா."

அவருடைய டப்பாவை நானே திறந்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலமாகிவிட்டது. மாப்பிள்ளை கப்பலிலிருந்து வந்து தனியாக வீடு எடுத்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது, நல்ல கொழுகொழுவென்று இருக்கிறது. சென்சார்காரரும் மேடமும் இப்போது தினம் சத்தம் போட்டுச் சண்டை போடுகிறார்கள், தினமும் பிராஞ்சைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். சமாதானம் நடுவில் போவதில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். மனிதருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.

மகள் வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாள். ஒரு நாள் அவர் பேசி முடித்துவிட்டு வந்தபோது, "என்ன சொல்றா பொண்ணு?" என்று கேட்டேன்.

"மரியாதையாத்தான் பேசறாம்மா. சாப்பிட்டீங்களான்னு கேக்கறா, மாத்திரை போட்டீங்களான்னு கேக்கறா. குழந்தைக்கு இப்படிப் பண்ணும்மான்னா சரிப்பாங்கறா. அங்க போகாதேம்மான்னா சரிப்பாங்கறா. எத சொன்னாலும் சரிங்கறா." போனைச் சட்டைப் பையில் போட்டார், பிறகு எதற்கோ திரும்ப வெளியே எடுத்தார். "இன்னிக்காவது என்கூட ஒரு சண்ட போட மாட்டாளான்னுதாம்மா ஒவ்வொரு தடவையும் போன எடுக்கறேன்."